எட்டு கிலோ கரி

மார்ச் 2

சின்னவனுக்கு,

போனில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடு.

சனிக்கிழமை நான் வந்தபோது கதவுக்கு முதலில் வந்தது நீ இல்லை. நாற்றம். ஊறிய வைக்கோல், புளித்த மாவு, அதற்கடியில் ஈரச் சாக்கு. என் பழைய அறையில், கட்டில் கிடந்த இடத்தில், கயிறு கயிறாகப் பைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு பையிலும் வெள்ளைக் காதுகள் முளைத்திருக்கின்றன. நாற்பது பை. எண்ணினேன். காளான் வளர்க்கிறேன் என்று நீ சொன்னபோது ஜன்னலோரம் இரண்டு தொட்டி என்று நினைத்திருந்தேன்.

உன் உடம்பு, உன் மூக்கு, நீ எப்படியும் இரு. அப்பா என்ன செய்தார்? நட்ட நடுப் பகலில், கூடத்து நாற்காலியில், முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கண் போய்விட்ட மனிதருக்கு மிச்சம் காதும் மூக்கும்தான். அதில் ஒன்றை நீ பிடுங்கிக்கொண்டாய்.

திரும்பும்போது ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். என் துணியில் அவ்வளவு இருந்தது.

ஏப்ரல் 30 வரை பார்ப்பேன். அதற்குள் அந்த வீட்டில் நாற்றம் இருக்கக் கூடாது. இருந்தால் வண்டியோடு வருவேன். அப்பா என்னோடு இருப்பார். நான் ஷிப்டுக்குப் போகும் நேரத்துக்கு ஓர் அம்மாவைச் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறது.

பெரியவள்


மார்ச் 9

அக்கா,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை கோபம் அதிகமானது.

அந்தத் துண்டு மூக்குக்கு இல்லை. அவர் கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உருவம் கிடையாது, வெளிச்சம் மட்டும். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்தால் அது குத்துகிறது. அதனால் துண்டை நனைத்துக் கண்மேல் போட்டுக்கொள்வார். நீ ஐந்து மணி நேரம் இங்கே இருந்தாய். அவரிடம் கேட்டிருக்கலாம். பைகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.

நான் ஏன் அச்சகத்தை விட்டேன் என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல எழுதுகிறாய். நான் வேலைக்குப் போன பிறகு, அப்பா பற்றவைக்காமல் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டிருந்தார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வாசலைத் தாண்டாமல் என்ன வேலை செய்யலாம் என்று நான்கு மாதம் யோசித்தேன். காளான் வெளிச்சம் கேட்காது. ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் தெளிக்க வேண்டும், எங்கும் போகவிடாது. எனக்கென்றே செய்தது மாதிரி ஒரு தொழில்.

நாற்றம் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. நான் தூங்குவதும் அதில்தான்.

ஒரு நகரமே குடிக்கிற தண்ணீரின் நாற்றத்தை உன் ஆலையில் எடுக்கிறீர்கள். பதினோரு வருடமாக அதுதான் உன் வேலை. ஒரே ஓர் அறையின் நாற்றத்தை எடுத்துக் கொடு, பார்க்கலாம். திட்டுவதற்கு இவ்வளவு படித்திருக்க வேண்டாம்.

மூன்றாவது மாடி. லிப்ட். அவருக்குத் தெரியாத இருபது சுவர்கள். அதையும் யோசி.

சின்னவன்


மார்ச் 16

சின்னவனுக்கு,

பார்சலில் எட்டு கிலோ கரி இருக்கிறது. அடுப்புக் கரி இல்லை. வடிகட்டியில் போடுகிற குருணைக் கரி, உடலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. நாற்றம் அந்த ஓட்டைகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஆலை ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீணாக்காதே.

நான் எழுதுவதை எழுதியபடி செய். உன் சொந்த மூளையைக் கொஞ்சம் ஓரமாக வை.

எல்லாவற்றுக்கும் முன்னால் கரியைக் கழுவு. மூன்று தடவை, கறுப்புத் தண்ணீர் தெளிகிற வரை. கழுவாவிட்டால் ஃபேன் அப்பா முகத்தில் கரிப்பொடியைத் துப்பும். பிறகு கம்பி வலை வாங்கு. கண் பொடியாக இருக்கட்டும், குருணை விழக் கூடாது. ஒரு பெரிய குழாயும் ஒரு சின்னக் குழாயுமாகச் சுருட்டி, சின்னதைப் பெரியதற்குள் நிறுத்து. சுற்றிலும் மூன்று விரல் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கரி. கொட்டும்போதே தட்டு. தட்டினால் இறங்கும், இறங்கினால் இன்னும் கொட்டு. மேலே கொஞ்சம் காலியிடம் விட்டாலும் காற்று அந்த வழியாகத் தப்பிவிடும். காற்றும் உன்னைப் போலத்தான், சுலபமான வழியைத் தேடும்.

அடிப்பக்கத்தைப் பெயின்ட் வாளி மூடியால் அடைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிடு. மேலே நடுத் துளையில் எக்ஸாஸ்ட் ஃபேன். அது இழுக்க வேண்டும், ஊதக் கூடாது. அறைக் காற்று கரியைத் துளைத்துக்கொண்டு நடுக்குழாய்க்கு வந்து ஃபேன் வழியாக வெளியேற வேண்டும். வலையைச் சுற்றிப் பழைய பனியன் துணியைக் கட்டு. தூசி அதில் நிற்கும்.

துண்டு விஷயம் எனக்குத் தெரியாது. சரி.

ஏப்ரல் 30 அப்படியேதான் இருக்கிறது.

பெரியவள்


ஏப்ரல் 1

அக்கா,

இன்று முட்டாள்கள் தினம். பொருத்தமான நாளில்தான் எழுதுகிறேன்.

உன் வடிகட்டி தயாராகி ஒன்பது நாள் ஆகிறது. மூன்று தடவை கழுவச் சொன்னாய், நான்கு தடவை கழுவினேன். வலையைச் சுருட்டியதில் இடது கையில் ஏழு கீறல். தட்டித் தட்டி நிரப்பியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, உள்ளே யாரையாவது அடிக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். அறை நடுவில், பைகளுக்கு மேலே, கொக்கியில் தொங்கவிட்டேன்.

முதல் நாள் கறுப்பாகச் சொட்டிக் கூடம் வரைக்கும் ஓடியது. அப்பா அதை மிதித்துவிட்டார். கூடத்திலிருந்து குளியலறை வரைக்கும் அவர் காலடி கறுப்பாகப் பதிந்திருந்தது. துடைக்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேராக நடக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாளிலிருந்து பழைய நாற்றத்தோடு புதிதாக ஒன்று. மழையில் நனைந்த நாயைப் பீரோவில் பூட்டி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. "டேய், உங்க அக்கா மருந்து அனுப்பினாளா, இல்ல வியாதி அனுப்பினாளா?" என்றார் அப்பா.

எழுதியதை எழுதியபடி செய்தேன். சொந்த மூளை ஓரமாகத்தான் இருந்தது.

சின்னவன்


ஏப்ரல் 7

சின்னவனுக்கு,

அந்தக் கரியை நான் தினமும் கையில் எடுக்கிறேன். அது வேலை செய்யாமல் போகாது. வேலை செய்யாமல் போவது யார் என்று எனக்குத் தெரியும்.

மேலே இடம் விட்டிருப்பாய். இல்லை, ஃபேனைத் திருப்பி மாட்டியிருப்பாய். இல்லை, மூடிக்கும் வலைக்கும் நடுவே டேப் ஒட்டாமல் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டிருப்பாய். உன் நாளைக்கு எனக்குத் தெரியும். அப்பாவின் சொட்டு மருந்தும் உன் நாளைக்கில்தான் போனது. காலையில் இரண்டு சொட்டு, இரவில் இரண்டு சொட்டு. அதைச் செய்திருந்தால் இன்றைக்கு அவர் கறுப்புத் தண்ணீரை மிதித்திருக்க மாட்டார், பார்த்துத் தாண்டியிருப்பார்.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

வடிகட்டியைக் கழற்றிக் கரியை ஒரு சாக்கில் கொட்டி எடை போடு. எட்டு கிலோவுக்குக் குறைந்தால் நீ சரியாக நிரப்பவில்லை. எடையை எழுது. கதை வேண்டாம்.

இன்னும் இருபத்து மூன்று நாள்.

பெரியவள்


ஏப்ரல் 11

அக்கா,

எடை: பதினொன்றரை கிலோ. சாக்கைக் கழித்துவிட்டேன். கடைக்காரர் தராசில் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

எட்டு கிலோ அனுப்பினாய். மூன்றரை கிலோ எங்கிருந்து வந்தது? கையை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்த மாதிரி இருக்கிறது, நடுவில் சொதசொதவென்று ஈரம். உன் ஓட்டைகள் முழுக்கத் தண்ணீர். நாற்றம் எங்கே போய் உட்காரும்?

மார்ச் 16ஆம் தேதி நீ எழுதியதில் அந்தப் பத்தியை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று தடவை கழுவு என்று இருக்கிறது. பொடிக் கண் வலை இருக்கிறது. நான் சோம்பேறி என்பதும் இருக்கிறது. காய வை என்று எங்கே இருக்கிறது, காட்டு.

சொட்டு மருந்து. பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயந்து ஒரு வருடம் கண்ணை மறைத்தார். உன்னிடமும் என்னிடமும். மருந்து ஆரம்பித்தபோதே முக்கால்வாசி போயிருந்தது என்று டாக்டர் சொன்னார். நீயும் அங்கேதான் நின்றாய். கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய்.

இனி அதை எழுதாதே.

சின்னவன்


ஏப்ரல் 15

தம்பி,

இல்லை. காய வை என்று எழுதவில்லை.

உன் துண்டுத்தாளைப் பார்த்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆலையில் கரியைக் காயவைக்கிற வேலையே கிடையாது. சாக்கைப் பிரிப்போம், கழுவுவோம், ஊறப்போடுவோம், தொட்டியில் இறக்குவோம். அதற்குப் பிறகு அது தண்ணீருக்கு அடியில்தான். எங்கள் கரி காய்ந்து கிடந்தால் யாரோ வால்வை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம், ஓடுவோம். பதினோரு வருடத்தில் காய்ந்த கரியைச் சாக்கில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. கழுவு என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எனக்கு வேலை அத்தோடு முடிந்துவிடும்.

இதைச் சொல்வதால் மற்றதெல்லாம் உன் பக்கம் சரி என்று ஆகிவிடாது.

தகரத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி வெயிலில் போடு. மூன்று நாள், கிளறிவிட்டு. எடை எட்டுக்கு இறங்கினால் எடு. அப்புறம் அறைக்குள் தொங்கவிடாதே. நீ தெளிக்கிற ஈரத்தில் மறுபடியும் நனையும். அறைக்கு வெளியே, நடையில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டு. வெளியே வருகிற நாற்றத்தை அங்கேயே பிடிக்கட்டும்.

ஃபேன் சத்தம் அப்பாவுக்குத் தொந்தரவாக இருக்கும். நான்கு ரப்பர் வளையம் வைத்திருக்கிறேன். திருகாணிக்கு அடியில் போட்டால் அதிர்வு அடங்கும்.

முப்பதாம் தேதி வருகிறேன்.

சொட்டு மருந்தைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

பெரியவள்


ஏப்ரல் 22

அக்கா,

உன் வடிகட்டி வேலை செய்கிறது. அப்பா விழுந்துவிட்டார்.

இந்த வரிசையில்தான் சொல்ல முடிகிறது.

சனிக்கிழமை காலையில் மாட்டினேன். மத்தியானத்துக்குள் நடையில் நாற்றம் இல்லை. ஒன்றுமே இல்லை. கழுவிய தட்டு மாதிரி. வளையம் போடவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாற்றம் போனதை உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல போனை எடுத்தேன், கோபம் ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான்கு மணிக்கு அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். நான் பின்னால் வைக்கோல் வெட்டிக்கொண்டிருந்தேன், பின்கதவு திறந்திருந்தது. நடையில் முதலில் காளான் அறை, அடுத்தது குளியலறை, அதற்கப்புறம் பின்கதவு, மூன்று படி. அவர் சுவரைத் தொட்டு நடப்பதில்லை. உனக்குத் தெரியும், "குருடன் மாதிரி தடவிக்கிட்டா போகணும்" என்பார். நேராக வந்தார். குளியலறையைத் தாண்டினார். எப்போதும் போல நிச்சயமாக. நான் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு கால் காற்றில் இருந்தது.

இடது மணிக்கட்டில் விரிசல். உதடு கிழிந்திருக்கிறது. மூன்று வாரம் கட்டு.

தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "எங்கடா போச்சு உன் காளான்?" புரியவில்லை எனக்கு. நாற்றம் கெட்டியாகும் இடம் அறைக் கதவு, அங்கிருந்து இரண்டு எட்டு, வலது பக்கம் குளியலறை. அப்படித்தான் இத்தனை மாதமும் நடந்திருக்கிறார். கறுப்புக் காலடி அவ்வளவு நேராக இருந்தது அதனால்தான். "வழியத் தூக்கிட்டா சொல்ல வேணாமாடா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரோடு வெட்டியவர்களிடம் டிரைவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

ஃபேனை அணைத்தால் நாற்றம் வரும், நீ கூட்டிக்கொண்டு போவாய். ஓடவிட்டால் விழுவார். எது வேண்டும் உனக்கு? இதற்கும் ஏதாவது எழுது. எழுதியபடி செய்கிறேன்.

சின்னவன்


ஏப்ரல் 25

தம்பி,

நேற்று ஷிப்டில் ஒரு வால்வைத் தப்பாகத் திருப்பிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சக ஊழியர் பார்த்துத் திருத்தினார். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பின்கதவை ஏன் திறந்து வைத்தாய்? தாழ்ப்பாள் எதற்கு இருக்கிறது? அவர் எழுந்தால் கேட்கிற தூரத்தில் இருக்கிறேன் என்றுதானே அச்சகத்தை விட்டாய்? இதையெல்லாம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்டும்விட்டேன். ஆனால் நடையில் மாட்டு என்று எழுதியது நான்.

மிச்சம் காதும் மூக்கும்தான் என்று முதல் கடிதத்தில் நானே எழுதியிருக்கிறேன். உன்னைக் குத்துவதற்காக எழுதினேன். அதற்கு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

இரண்டு மாதமாக அவரை எங்கே வைப்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அவரிடம் கேட்டோம் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. உன்னுடையதிலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை.

என்னால் எழுத்தில் கேட்க முடியாது. நீ கேள். ஃபேனைப் பற்றியும் கேள்.

வண்டி சொல்லியாகிவிட்டது. முப்பதாம் தேதி காலை பதினோரு மணி. அவருடைய சாமான்களைக் கட்டி வை. கை ஒடிந்த மனிதரை இதற்கு மேலும் அங்கே விட முடியாது.

பெரியவள்


மே 5

அக்கா,

முப்பதாம் தேதி சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். பரவாயில்லை, நானும் போனை வைத்தவன்தான்.

நீ எழுதியபடி அவரிடம் கேட்டேன். நீ வருவதற்கு மூன்று நாள் முன்னால். ஃபேனை என்ன செய்யட்டும் என்றேன். "ஓடட்டும். அது உறுமுதுல்ல, அது போதும்" என்றார். மூன்றாவது கியரில் மேடு ஏறுகிற பழைய வண்டிச் சத்தமாம். சத்தம் காதுக்கு நேராக வந்ததும் இரண்டு எட்டு. என்னைப் பின்னால் வரவிடாமல் அன்றைக்கு முழுக்க நடந்து நடந்து பழகினார். பதினைந்து தடவையாவது இருக்கும். ஒருதடவை தப்பாகப் போய்த் தாழ்ப்பாள் போட்ட பின்கதவில் முட்டிக்கொண்டு, "பெரியவ சொன்னாளா பூட்டச் சொல்லி" என்றார். ஆமாம் என்றேன். எங்கே இருக்க விருப்பம் என்று மட்டும் கேட்கவில்லை. உன்னோடு என்று பதில் வந்துவிடுமோ என்று பயம்.

இதை உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை. நீயாகப் பார் என்று இருந்தேன். அவர் சாமான் பையைக் கட்டி வாசலில் வைத்ததும் அந்தக் கோபத்தில்தான்.

கூடத்தில் நாம் இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது, இந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுந்து போய் நீ ஃபேனை அணைத்தாய். அப்பா அப்போதுதான் நடையில் இறங்கியிருந்தார். பாதியில் நின்றார். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்காமல், சுவரையும் தொடாமல். நான் எழுந்தேன். நீ கையைக் காட்டி உட்காரச் சொன்னாய்.

"யாரு வண்டிய நிறுத்தினது?" என்றார்.

சுவிட்சை மறுபடியும் போட்டதும் நீதான். சத்தம் எழுந்ததும் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். இரண்டு எட்டு. வலது பக்கம். கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். நீ வாசலுக்குப் போய் அந்தப் பையைத் தூக்கி உள்ளே, அவர் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

குளியலறையிலிருந்து வந்ததும் கேட்டார், "அவ போயிட்டாளா?" போய்விட்டாள் என்றேன். "சாப்பிடாமயா?"

ஐந்து மணி நேரமாவது இருந்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ரப்பர் வளையம் நான்கும் இதோடு வைத்திருக்கிறேன். இங்கே வேண்டாம்.

சின்னவன்


மே 13

தம்பி,

வளையம் வந்தது.

வண்டியில் ஏறியதும் ஏன் இறங்கிப்போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று முதல் சிக்னல் வரைக்கும் யோசித்தேன். இரண்டாவது சிக்னலில் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். நாளைக்கு என்பது உன்னுடையது மட்டும் இல்லை.

பார்சலில் ஒரு ஃபேன் அனுப்பியிருக்கிறேன். இப்போது ஓடுவது நின்றுபோனால் அந்த நிமிஷமே மாட்ட வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் வை. அதே அளவு, அதே கம்பெனி. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போடுகிறது. கடையில் ஆறு ஃபேனை ஓடவிட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "சத்தம் வராததுதானேம்மா எல்லாரும் கேட்பாங்க, நீங்க என்ன தேடுறீங்க?" என்றார். மேடு ஏறுகிற வண்டி என்று சொல்லவில்லை. ஐந்தாவதை எடுத்துக்கொண்டேன். சரியா என்று அப்பாவிடம் காட்டு. சரியில்லை என்றால் திருப்பி அனுப்பு, மறுபடியும் போய் நிற்கிறேன்.

ஜூன் முதல் சனிக்கிழமை வருகிறேன். வண்டி இல்லாமல். எங்கே இருக்க விருப்பம் என்று அவரிடம் நான் கேட்கிறேன். என்ன பதில் வந்தாலும் இருவரும் கேட்டுக்கொள்வோம். சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லு.

என் அறையில் பை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது.

வடிகட்டியின் வெளித்துணியில் தூசி அடைத்திருந்தது, பார்த்தேன். வாரம் ஒருமுறை அவிழ்த்துத் துவை. துவைத்துவிட்டுக் காய வை. நன்றாகக் காய்ந்த பிறகு கட்டு. இந்தத் தடவை எழுதிவிட்டேன்.

பெரியவள்